துருவே கவசமாக: அரிமான விஞ்ஞானி பாலசுப்ரமணியத்தின் ஆய்வுகள்

ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டம் சேஷாசல மலைத்தொடரில் தொடங்கி, பழவேற்காடு ஏரியையும் வங்கக் கடலையும் தொட்டு முடிகிறது. பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் இணைத்து 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் உருவாக்கப்பட்ட மாவட்டம் இது. இரும்பின் இயல்பைக் கற்க விரும்புவோர்க்கு இதைவிடப் பொருத்தமான நிலப்பரப்பு அமைவது அரிது. ஒரே ஆலையில் ஒரே நாளில் உருட்டப்பட்ட இரு எஃகுக் கம்பிகளில் ஒன்றைச் சித்தூரில் ஒரு வீட்டு மாடியிலும், மற்றொன்றை ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் கரையோரத்திலும் திறந்தவெளியில் விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் அவை இரண்டும் உடன்பிறந்தவை என்று நம்புவதற்கில்லை. உள்நாட்டின் உலர்ந்த காற்றில் கம்பியின் மேல் மெல்லிய பழுப்புப் படலமே படிந்திருக்கும். கடற்காற்றில் கிடந்த கம்பியோ அடுக்கடுக்காகச் செதில் பெயர்ந்து இளைத்திருக்கும்.

ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்பட்டு வருகின்றன. அங்கே உப்புக் காற்றுடன் மற்றொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. திட எரிபொருளில் பிராணவாயு வழங்கும் பொருளாகச் சேர்க்கப்படும் அம்மோனியம் பெர்குளோரேட் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படுகிறது. ஈரம் கலந்ததும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும். ஏவுதளக் கோபுரங்களின் எஃகு இவ்விரண்டையும் தாங்கி நிற்க வேண்டியுள்ளது. அங்கிருந்து உள்நாடு நோக்கி வந்தால் ஸ்ரீகாளஹஸ்தி அருகே குடிநீர்த் திட்டங்களுக்கான வார்ப்பிரும்புக் குழாய்கள் தயாராகின்றன. இவ்வகைக் குழாய்களுக்கு வெளியே துத்தநாகப் பூச்சும், உள்ளே சிமெண்டுச் சாந்துப் பூச்சும் தருவது வழக்கம். மண் வெளிப்புறத்தை அரிக்கும், நீர் உட்புறத்தை அரிக்கும் என்பதே காரணம். ஆக, மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுக்குள், உலோக அரிமானம் என்னும் பாடத்தின் பெரும்பாலான அத்தியாயங்கள் கண்முன் கிடக்கின்றன.

இப்பாடத்திற்கு நம் நாட்டில் மிகச் சிறந்த விளக்கத்தை அளித்தவர்களுள் ஒருவர், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியராயிருந்த ராமமூர்த்தி பாலசுப்ரமணியம் (1961–2009). பதினாறு நூற்றாண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் டில்லி இரும்புத் தூண் ஏன் இற்றுப்போகவில்லை என்ற பழைய கேள்விக்கு இவர் கண்ட விடை, தூணைப் பற்றியது மட்டுமன்று. இன்று பாலத்திலும் பள்ளிக் கட்டடத்திலும் இடப்படும் கம்பியைப் பற்றியதும் ஆகும்.

இழப்பின் அளவு

அரிமானத்தால் நேரும் பொருளிழப்பு எவ்வளவு? அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைத் துறை ஆதரவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, அந்நாட்டின் நேரடி இழப்பை ஆண்டுக்கு 276 பில்லியன் டாலர், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.1 சதவீதம் என்று கணக்கிட்டது. அரிமானப் பொறியாளர்களின் சர்வதேசச் சங்கம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, உலக இழப்பை 2.5 டிரில்லியன் டாலர் என்றும், அது 2013-ஆம் ஆண்டின் உலக உற்பத்தியில் 3.4 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. அவ்வாய்வின்படி இந்தியாவின் பங்கு 70.3 பில்லியன் டாலர். இது உள்நாட்டு உற்பத்தியில் 4.2 சதவீதமாகும். ஏற்கெனவே அறியப்பட்ட தடுப்பு முறைகளை ஒழுங்காகக் கையாண்டாலே இவ்விழப்பில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்பதும் அதன் முடிவு.

இவ்வெண்களைப் பொருளாதார மாணவர்கள் சற்று எச்சரிக்கையுடன் நோக்குதல் நலம். துருவேறிய பாலத்திற்கு மீண்டும் வண்ணம் பூசும் செலவு, தேசிய வருமானக் கணக்கில் இழப்பாகத் தோன்றுவதில்லை. வண்ணம் விற்றவரின் வருமானமும் பூசியவரின் கூலியும் உற்பத்தியாகவே பதிவாகின்றன. ஒரே இடத்தில் நிற்பதற்காக ஓடும் ஓட்டம், முன்னேற்றமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆகவேதான் அரிமானத்திற்கெனத் தனிக் கணக்கு தேவைப்படுகிறது. அத்தனிக் கணக்கு இல்லாத துறைகளில் இவ்விழப்பு யாருடைய பொறுப்பிலும் வராமல், "பராமரிப்பு" என்ற தலைப்பின்கீழ் அமைதியாகக் கரைந்துபோகிறது.

கான்பூர் ஆய்வுக்கூடத்தில்

பாலசுப்ரமணியம் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரியில் உலோகவியல் பயின்று 1984-இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் ரென்சலேர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்து, 1990-இல் கான்பூரில் ஆசிரியப் பணியேற்றார். இடையில் வேறெங்கும் நெடுங்காலம் தங்காது நாடு திரும்பியவர்.

அவருடைய தொடக்ககால ஆய்வுகளுக்கும் பழம்பொருள்களுக்கும் தொடர்பில்லை. அலுமினியத்துடன் லித்தியம் சேர்த்த உலோகக் கலவைகள், இழுவிசையும் அரிமானமும் ஒருங்கே தாக்கும்போது எவ்வாறு வெடிப்புறுகின்றன என்பதை ஆராய்ந்தார். விமானத்தின் எடையைக் குறைக்க உதவும் கலவைகள் இவை. கான்பூரில் இரும்பு–அலுமினியச் சேர்மங்களுள் ஹைட்ரஜன் புகுந்து அவற்றை நொறுங்கச் செய்யும் விதத்தை விரிவாக ஆராய்ந்தார். மாணவர்கள் அவரை வேறொரு வழியிலும் அறிவர். பொருளறிவியலில் உலகெங்கும் பாடநூலாக விளங்கும் காலிஸ்டரின் நூலை இந்திய மாணவர்களுக்கு ஏற்பத் திருத்தியமைத்தவர் அவரே. பொறியியல் கல்லூரிகளின் நூலகங்களில் அப்பதிப்பு இன்றும் காணக்கிடைக்கிறது.

நுண்ணிய உலோகக் கலவைகளை ஆராய்ந்த ஒருவர், குப்தர் காலத்து இரும்பிடம் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்று கேட்கத் தோன்றலாம். உலோகத்தின் மேற்பரப்பில் தோன்றும் படலம் காக்கிறதா, கைவிடுகிறதா என்பதே அரிமான அறிவியலின் மையக் கேள்வி. விமானக் கலவையிலும் பழந்தூணிலும் கேள்வி ஒன்றுதான். தூணில் அக்கேள்விக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு உண்டு. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் நடந்து முடிந்த சோதனை ஒன்றின் முடிவு, எவரும் சென்று காணுமாறு அங்கே நிற்கிறது. எந்த ஆய்வுக்கூடமும் அத்தகைய சோதனையைத் தொடங்கி முடிக்க இயலாது.

தூணும் பழைய விடைகளும்

டில்லி மெஹ்ரோலியில் குதுப் மினார் வளாகத்தில் நிற்கும் இத்தூண் ஏழு மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமும், ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. அதிலுள்ள வடமொழிக் கல்வெட்டு "சந்திரன்" என்னும் அரசனைக் குறிப்பிடுகிறது. இவன் கி.பி. 400-ஐ ஒட்டி ஆண்ட இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலோர் கொள்கை. தூண் முதலில் டில்லியில் நாட்டப்பட்டதன்று. மத்தியப் பிரதேசத்தில் விதிஷாவை அடுத்த உதயகிரியில் இருந்திருக்க வேண்டும் என்று பாலசுப்ரமணியமும் அவருடன் ஆராய்ந்தோரும் வாதிட்டனர்.

வெட்டவெளியில் நிற்கும் இரும்பு இவ்வளவு காலம் தாங்கியதற்குப் பலரும் பல காரணங்கள் கூறியுள்ளனர். பிரிட்டிஷ் உலோகவியலாளர் ராபர்ட் ஹாட்பீல்டு 1912-இல் வெளியிட்ட பகுப்பாய்வில் கரி 0.08 சதவீதம், கந்தகம் 0.006 சதவீதம், பாஸ்பரஸ் 0.114 சதவீதம் என்று கண்டார். மாங்கனீசு இல்லை. கந்தகம் குறைவாகவும் பாஸ்பரஸ் மிகுதியாகவும் உள்ள தூய இரும்பு என்பது இதனால் தெளிவாயிற்று. 1961-இல் தூணின் அடிப்பகுதி தோண்டிப் பார்க்கப்பட்டது. மண்ணில் புதைந்த பகுதியில் ஈயத் தகடு சுற்றப்பட்டிருந்ததும், அப்பகுதி மேற்பகுதியைவிட மிகுதியாக அரிக்கப்பட்டிருந்ததும் அப்போது தெரியவந்தன. ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடத்தினர் அக்காலத்தில் தூணை விரிவாக ஆராய்ந்தனர். ஸ்வீடன் நாட்டு அறிஞர் ராங்லேன் 1970-இல் எழுதிய கட்டுரையில் டில்லியின் உலர்ந்த தட்பவெப்பத்திற்கு முதலிடம் அளித்தார். தூணின் பெரும் பருமனும் உதவுகிறது என்றார். பகல் வெப்பத்தை அது இரவிலும் தேக்கி வைத்திருப்பதால் அதன்மேல் பனிநீர் எளிதில் படிவதில்லை என்பது அவர் விளக்கம்.

இவ்விளக்கங்கள் பொய்யல்ல. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 70 சதவீதத்திற்குக் கீழே இருக்கும்போது இரும்பு மிக மெதுவாகவே துருப்பிடிக்கும். டில்லியில் ஆண்டின் பெரும்பகுதி அத்தகையதே. ஆயினும் இவ்விளக்கங்களுக்கு ஒரு குறை உண்டு. அவை தூணைச் சூழ்ந்த காற்றைப் பற்றிப் பேசின. தூணின் மேலுள்ள துருவை எவரும் போதிய நுணுக்கத்துடன் பார்க்கவில்லை.

துருவின் அடுக்குகள்

பாலசுப்ரமணியம் துருவையே ஆய்வுப் பொருளாக்கினார். தொல்பொருளைச் சிதைக்காது துருவின் துணுக்குகளை மட்டும் எடுத்தல் வேண்டும். தூணின் கீழ்ப்பகுதியோ பல தலைமுறைகளாகப் பார்வையாளர்கள் முதுகு சாய்த்துக் கைகளைப் பின்னே கோத்துக் கட்டிப்பிடித்ததால் தேய்ந்து பளபளத்துப்போனது. அவ்வாறு கட்டிப்பிடித்தால் நற்பேறு வாய்க்கும் என்ற நம்பிக்கை இருந்தது. பின்னர்தான் வேலி அமைக்கப்பட்டது. ஆதலால், கை எட்டாத உயரத்தில், தூணின் மணி வடிவத் தலைப்பிற்குச் சற்றுக் கீழே உள்ள துரு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

2000-ஆம் ஆண்டில் அவரும் ராமேஷ் குமாரும் இணைந்து வெளியிட்ட முடிவுகள் மூன்று முறைகளின் துணையால் கிடைத்தவை. மூன்றும் ஏன் தேவைப்பட்டன என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். எக்ஸ்-கதிர் சிதறல் முறை, அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகங்களை மட்டுமே தெளிவாகக் காட்டும். ஒழுங்கற்ற, மிக நுண்ணிய துகள்கள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். அகச்சிவப்பு நிறமாலை, வேதிப் பிணைப்புகளை அடையாளங்காட்டும். மோஸ்பவர் நிறமாலையோ இரும்பு அணுவின் சுற்றுப்புறத்தை நேரே விசாரிப்பதால், படிகமற்ற துருவையும் இனங்காண வல்லது. ஒரு முறையை மட்டும் நம்பியிருந்தால் தூணின் காவற்காரன் கடைசிவரை மறைந்தே இருந்திருப்பான்.

அவர்கள் கண்டவற்றின் சாரம் இது. சாதாரண இரும்பில் தோன்றும் துரு, துளைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்றது. நீரும் பிராணவாயுவும் அதனூடே எளிதில் புகுந்து உலோகத்தை அடையும். துரு வளர வளர இரும்பு குறைந்துகொண்டே போகும். தூணின் இரும்பிலும் தொடக்கத்தில் இவ்வகைத் துருவே தோன்றுகிறது. ஆனால் இரும்பு கரையக் கரைய, அதிலிருந்த பாஸ்பரஸ் உலோகத்திற்கும் துருவிற்கும் இடையிலான எல்லையில் சேர்கிறது. இச்சேர்க்கை, மிசாவைட் எனப்படும் ஒருவகை இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடு படிகமற்ற இறுகிய படலமாக உருவாகத் தூண்டுகிறது. இத்துறையில் ஆராய்ந்த ஜப்பானியர் மிசாவாவின் பெயரால் வழங்கும் பொருள் இது. உலோகத்தை ஒட்டியே அமைவதால் அரிமானத்தின் வேகத்தை இது குறைத்துவிடுகிறது.

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. பாஸ்பரஸ் ஈரத்துடன் சேர்ந்து பாஸ்பேட்டாகி, இரும்புடன் இணைந்து ஹைட்ரஜன் பாஸ்பேட் ஹைட்ரேட் என்னும் சேர்மமாகப் படிகிறது. நனைதலும் உலர்தலும் மாறி மாறி நிகழ, அது படிக வடிவம் பெறுகிறது. படிகமாகும்போது துளைகள் அடைபடுகின்றன. மழைக்காலமும் கோடையும் ஆண்டுதோறும் தூணுக்கு ஒரு பூச்சு பூசிவந்தன என்று கூறினாலும் தகும். அப்பூச்சைக் கீறினால் அடியிலுள்ள பாஸ்பரஸ் மீண்டும் அதனைச் சீர்செய்யத் தொடங்கும். ஒரு முறை பூசிவிட்டு மறந்துவிடும் வண்ணப்பூச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பழைய இரும்பில் உள்ள மற்றொரு "குறை"யும் இங்கே துணை செய்கிறது. கட்டி இரும்பைச் சம்மட்டியால் அடித்து இணைக்கும்போது கசடு முழுவதும் வெளியேறுவதில்லை. நுண்துகள்களாக உள்ளே தங்கிவிடுகிறது. இத்துகள்களைச் சுற்றி இரும்பு சற்று விரைவாகக் கரைவதால், தொடக்கத்திலேயே மேற்பரப்பில் பாஸ்பரஸ் செறிவு கூடிவிடுகிறது. காவற்படலம் விரைவில் அமைகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் டில்மனுடனும் பிறருடனும் இணைந்து பழைய இந்திய இரும்பின் துருவை நுண்கதிர்க் கருவியால் ஆராய்ந்து, 2002-இல் வெளியிட்ட கட்டுரையும் பாஸ்பரசின் பங்கை வலியுறுத்தியது.

பாஸ்பரஸ் எவ்வாறு தங்கிற்று?

இன்றைய எஃகில் பாஸ்பரஸ் பொதுவாக 0.05 சதவீதத்திற்கும் கீழேயே வைக்கப்படுகிறது. தூணின் இரும்பில் அதன் சராசரியை 0.25 சதவீதம் அளவில் பாலசுப்ரமணியம் கொண்டார். வேறுபாட்டிற்குக் காரணம் உலையில் உள்ளது. பண்டைய இந்தியக் கொல்லர் தாதுவையும் மரக்கரியையும் மட்டுமே உலையில் இட்டனர். சுண்ணாம்புக்கல் சேர்ப்பதில்லை. இரும்பு உருகி ஓடாது, கடற்பஞ்சு போன்ற திண்மக் கட்டியாகவே கிடைத்தது. கசடு இரும்புச் சிலிக்கேட்டாக அமைந்தது. அத்தகைய கசடு பாஸ்பரசை ஏற்றுக்கொள்வதில்லை. எனவே அது இரும்பிலேயே தங்கிவிட்டது. சுண்ணாம்பு கலந்த காரக் கசடு பாஸ்பரசை வாங்கிக்கொள்ளும் என்பதைப் பயன்படுத்தி, 1870-களின் இறுதியில் இங்கிலாந்தில் தாமஸும் கில்கிறிஸ்டும் கண்ட முறையே, ஐரோப்பாவின் பாஸ்பரஸ் மிகுந்த தாதுக்களை எஃகுத் தொழிலுக்குப் பயன்படச் செய்தது. அன்றுமுதல் பாஸ்பரஸ், உலைக்களத்தில் வேண்டாத விருந்தாளியாகவே கருதப்பட்டு வருகிறது.

அக்கருத்தும் ஆதாரமற்றதன்று. பாஸ்பரஸ் இரும்பு மணிகளின் எல்லைகளில் சேர்ந்து, குளிர்ந்த நிலையில் எஃகை நொறுங்கச் செய்யும். ஆகவே, பண்டையோர் அறிந்தே பாஸ்பரசைச் சேர்த்தனர் என்றோ, நவீன உலோகவியல் ஒரு பெருஞ்செல்வத்தைத் தொலைத்துவிட்டது என்றோ ஆரவாரமாகப் பேசுவது பொருந்தாது. குறிப்பிட்ட தாதுக்களால் ஆன இரும்பு நெடுநாள் தாங்குவதைக் கொல்லர் அனுபவத்தால் அறிந்திருக்கலாம். அதற்குமேல் கூறச் சான்றில்லை.

தட்பவெப்பமா, இரும்பா?

தட்பவெப்பமே காரணம் என்போருக்கு விடையாகப் பாலசுப்ரமணியம் பிற இடங்களின் பழைய இரும்பையும் எடுத்துக்காட்டினார். கர்நாடகத்தில் மழை மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலையில், கொடசாத்ரியில் ஓர் இரும்புத் தூண் திறந்தவெளியில் நிற்கிறது. ஒரிசாவில் கடலுக்கு அருகிலுள்ள கொனாரக் கோயிலின் இரும்பு உத்திரங்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் எஞ்சியுள்ளன. உலர்ந்த காற்று ஒன்றே காரணமாயின் இவை என்றோ மறைந்திருக்க வேண்டும்.

எனினும் வழக்கு ஒரு தரப்பிற்கே முடிந்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. பாலசுப்ரமணியத்தின் விளக்கத்திலேயே தட்பவெப்பத்திற்கு இடம் இருக்கிறது. நனைந்து உலரும் சுழற்சி இன்றிப் பாஸ்பேட் படிகமாவதில்லை. தூணின் புதைந்த பகுதி மிகுதியாக அரிக்கப்பட்டதும் இதனோடு ஒத்துப்போகிறது. இடைவிடாத ஈரத்தில் கவசம் சரிவர அமைவதில்லை. இரும்பின் கலவையும் காற்றின் இயல்பும் சேர்ந்தே தூணைக் காத்தன என்பதுதான் சான்றுகள் இடந்தரும் முடிவு. இதே தத்துவம் வணிக முறையில் முன்பே பயனுக்கு வந்துவிட்டது என்பதும் நினைவிற்குரியது. 1930-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, வண்ணம் பூசத் தேவையற்ற கார்ட்டன் வகை எஃகில் செம்பு, குரோமியம் ஆகியவற்றுடன் பாஸ்பரசும் சேர்க்கப்பட்டது. அவ்வெஃகும் கடலோரத்தின் தொடர்ந்த உப்பீரத்தில் எதிர்பார்த்த பயனைத் தருவதில்லை.

தூணுடன் அவர் நின்றுவிடவில்லை. தஞ்சாவூர்க் கீழவாசலில் உள்ள ராஜகோபால பீரங்கி, நாயக்கர் காலத்தைச் சேர்ந்தது. ஏழு மீட்டருக்கு மேற்பட்ட நீளமுடைய இது வார்ப்பு அன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, அவற்றின்மேல் இரும்பு வளையங்களைச் சூடேற்றி மாட்டி, அடித்து இணைத்து ஆக்கியது. இதனைப் பற்றி அவரும் அனந்தராமன் முதலியோரும் 2004-இல் எழுதிய கட்டுரை, உலகப் பொருளறிவியலாளரின் கவனத்தைத் தஞ்சையை நோக்கித் திருப்பியது. இந்தியப் பீரங்கிகள் குறித்தும், காலந்தோறும் இந்திய இரும்பு அடைந்த வளர்ச்சி குறித்தும் 2008-இல் நூல்கள் வெளியிட்டார். 2009 டிசம்பரில், நாற்பத்தெட்டாம் வயதில், அவர் காலமானார்.

கம்பிக்கு வந்த பாடம்

அவருடைய வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளே மேம்பாட்டுப் பணியாளர்களுக்கு மிக நெருக்கமானவை; ஆனால் மிகக் குறைவாகவே அறியப்பட்டவை. மாணவர் கதாதர் சாகுவுடன் சேர்ந்து, ஏறத்தாழ 0.1 முதல் 0.5 சதவீதம் வரை பாஸ்பரஸ் கொண்ட இரும்பு வகைகளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, கான்கிரீட்டின் துளைகளில் தேங்கும் காரநீரை ஒத்த கரைசலில் அவற்றைச் சோதித்தார். குளோரைடு கலந்த நிலையிலும் சோதனைகள் நடந்தன. முடிவுகள் 2008-இல் வெளியாயின.

கான்கிரீட்டினுள் எஃகு பாதுகாப்பாக இருப்பது, சிமெண்டின் காரத்தன்மை அதன்மேல் ஒரு மெல்லிய காவற்படலத்தைத் தோற்றுவிப்பதால்தான். கடற்காற்றின் குளோரைடு உள்ளே ஊடுருவினால் படலம் அங்கங்கே உடையும். காற்றின் கரியமில வாயு உட்புகுந்தாலும் காரத்தன்மை குறைந்து படலம் வலுவிழக்கும். பிறகு தோன்றும் துரு, தான் தோன்றிய இரும்பைப் போலப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. கடலோரப் பள்ளிகளின் கூரையில் கம்பி வெளியே தெரிவது இதனாலேயே. பாஸ்பரஸ் சேர்ந்த இரும்பு இச்சூழ்நிலையிலும் தன் படலத்தை மேலும் உறுதியாகக் காக்குமானால், கம்பியின் ஆயுளும் கட்டடத்தின் ஆயுளும் நீளும்.

நொறுங்கும் தன்மைக்கு என்ன வழி? இரும்பை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரம்பில், இருவகை இரும்புப் படிகங்களும் கலந்திருக்கும் நிலையில் பதப்படுத்தினால், மணி எல்லைகளில் பாஸ்பரஸ் குறைந்த பகுதி அமைகிறது. நொறுங்குதல் தணிகிறது. சிறிதளவு கரியும் பாஸ்பரசை எல்லையிலிருந்து விலக்க உதவும். எனினும் ஆய்வுக்கூடத் துண்டிலிருந்து, நிலநடுக்கத்தில் வளைந்துகொடுக்க வேண்டிய கட்டடக் கம்பிவரை செல்லும் வழி நீண்டது. வளைவுச் சோதனை, பற்றவைப்புச் சோதனை, பல்லாண்டுக் களச்சோதனை ஆகியவை அவ்வழியில் உள்ளன.

இந்தியத் தர நிர்ணயம் இவ்வழியை முற்றிலும் அடைத்துவிடவில்லை. கட்டடக் கம்பிகளுக்கான 1786-ஆம் எண் தரவிதி (2008), 500-ஆம் தரக் கம்பியில் பாஸ்பரஸ் 0.055 சதவீதத்தை மீறலாகாது என்கிறது. ஆனால் செம்பு, குரோமியம் முதலியன சேர்ந்த குறைகலவை எஃகில் 0.12 சதவீதம் வரை அதற்கு இடமளித்து, அந்நிலையில் கரி 0.15 சதவீதத்திற்கு மேற்படக் கூடாது என்று நிபந்தனை விதிக்கிறது. ஒப்பந்தப்புள்ளி கோரும் பொறியாளர்களில் பலர் இவ்விதியைப் படித்திருந்தும் பயன்படுத்துவதில்லை. காரணம் அறியாமை அன்று, கணக்கு.

அக்கணக்கை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்கலாம். ஒரு பாலத்திற்குச் சாதாரண எஃகில் 100 ரூபாய் செலவு, ஆயுள் 25 ஆண்டு. மேம்பட்ட எஃகில் 110 ரூபாய், ஆயுள் 50 ஆண்டு. முதல் வழியில் இருபத்தைந்தாம் ஆண்டு முடிவில் மீண்டும் 100 ரூபாய் செலவிட வேண்டும். ஆண்டுக்கு 8 சதவீதக் கழிவு வீதத்தில் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 14 ரூபாய் 60 காசு. ஆகவே 10 ரூபாய் கூடுதலாகச் செலவிடுவது இலாபம். கழிவு வீதத்தை 12 சதவீதமாக உயர்த்தினால் அதே 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 5 ரூபாய் 90 காசாகச் சுருங்கிவிடுகிறது. மலிவான எஃகே வெற்றி பெறும். இடையில் நேரும் பழுதுபார்ப்பையும், போக்குவரத்து நிற்பதால் மக்களுக்கு உண்டாகும் இழப்பையும் சேர்த்தால் முடிவு மீண்டும் மாறக்கூடும். ஆனால் அவை ஒப்பந்தப்புள்ளியில் இடம்பெறுவதில்லை. எஃகின் தேர்வை உலோகவியலாளர் மட்டுமே தீர்மானிப்பதாக எண்ணுவது தவறு. நிதித்துறை வகுக்கும் ஒரு சதவீத எண்ணும் உடன் நின்று தீர்மானிக்கிறது.

களச்சோதனை ஒன்று

கம்பியின் உண்மையான ஆயுளை அது நிற்கப்போகும் காற்றே கூற முடியும். இதற்காகவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் மண்டபம் கடற்கரையில் திறந்தவெளிச் சோதனைகளை நடத்தி வந்துள்ளது. அப்பகுதியின் கடுமைக்குச் சான்றாகப் பாம்பன் பாலம் விளங்கிற்று. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

சித்தூர், திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, சூளூர்ப்பேட்டை என உள்நாட்டிலிருந்து கடல் நோக்கிச் செல்லும் பாதை இத்தகைய சோதனைக்கு இயற்கையாக அமைந்தது. 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் மாணவர்களோ, வட்டாரக் கல்லூரிகளின் வேதியியல் மாணவர்களோ, நுட்பமான தராசு ஒன்றின் துணையுடன் இதனைச் செய்துபார்க்க இயலும். 10 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள மென்னெஃகுத் தட்டுகளைத் தேய்த்துத் துலக்கி எடையிட வேண்டும். பின்னர், ஒவ்வோர் ஊரிலும் மரச்சட்டத்தில் மின்காப்புப் பிடிகள்மீது சாய்த்துப் பொருத்தி ஓராண்டு விட்டுவைக்க வேண்டும். ஆண்டு முடிவில், ஆன்டிமனி ஆக்சைடும் ஸ்டானஸ் குளோரைடும் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துருவை மட்டும் கரைத்து நீக்கி, மீண்டும் எடையிட வேண்டும். இவ்விரு பொருள்களும் அமிலம் நல்ல இரும்பைத் தின்னாமல் தடுக்கும். இரு முகங்களும் சேர்ந்த பரப்பு 300 சதுர சென்டிமீட்டர். இரும்பின் அடர்த்தி 7.87. ஒரு தட்டு 10 கிராம் இழந்திருக்குமாயின், ஆண்டில் கரைந்த தடிமன் 0.042 மில்லிமீட்டர் ஆகும்.

ஓராண்டு எண்ணைக் கொண்டு ஐம்பதாண்டு ஆயுளை நேரே பெருக்கிவிடலாகாது. படலம் காக்குமாயின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் இழப்பு குறையும், காக்காவிடில் குறையாது. ஆதலால் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது நான்கு தட்டுகளை வைத்து, ஆண்டுக்கு ஒன்றாக எடுத்தல் வேண்டும். தட்டு வைக்கப்பட்ட மாதத்தையும் குறித்துவைப்பது அவசியம். வடகிழக்குப் பருவமழையில் வைத்த தட்டும், சித்திரை வெயிலில் வைத்த தட்டும் முதலாண்டில் ஒரே எண்ணைத் தருவதில்லை.